மூன்று பைட் மேல் போடும் பழி

தலைப்பு வரி இல்லாத ஒரு சிஎஸ்வி கோப்பை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் ‘காப்பி’ கட்டளை கொடுத்து ஏற்றுகிறீர்கள். முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. இன்டிஜர் வகைக்கு இந்த மதிப்பு செல்லாது என்கிறது. எந்த மதிப்பு என்று மேற்கோளுக்குள் போட்டும் காட்டுகிறது: "1". ஒன்று முழு எண் இல்லையாம்! தலைப்பு வரி உள்ள கோப்பாக இருந்தால் இன்னும் வேடிக்கை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் தலைப்பு வரியைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அது சொல்லும்: பெயர் பொருந்தவில்லை, வந்தது "ஐடி", எதிர்பார்த்தது "ஐடி".

கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது. ‘பைட் ஆர்டர் மார்க்’, சுருக்கமாக பிஓஎம். திரையில் அதற்கு உருவம் கிடையாது, அகலமும் கிடையாது. அதனால் "1" என்று அச்சாவது உண்மையில் அந்த மூன்று பைட்டும் 1ம் சேர்ந்தது.

இந்த இடத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். "ஜங்க் கேரக்டர் ப்ரோ. நோட்பேட் பிளஸ்பிளஸ்ல திறந்து பிஓஎம் இல்லாம சேவ் பண்ணுங்க. அதுக்கும் போகலைன்னா ஆஸ்கி அல்லாத எல்லாத்தையும் ஒரு ரீஜெக்ஸ் போட்டுத் தூக்கிடுங்க. கண்ட இடத்துலேருந்து காப்பி பேஸ்ட் பண்ணா இப்படித்தான்." சீனியர் சொன்னார், எரர் போய்விட்டது, எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதை ஒரு கருத்தாகவே நினைப்பதில்லை, கைப்பழக்கமாக வைத்திருக்கிறார்கள். மறைவான எழுத்து என்றால் குப்பை. குப்பை சேர்ந்தது கவனக்குறைவால். துடைத்தால் விஷயம் முடிந்தது. எரர் நின்றதைத் தவிர இதற்கு வேறு சாட்சி யாரும் கேட்பதில்லை. தமிழை டேட்டாபேஸில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்து என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கவனக்குறைவுக் குற்றச்சாட்டு. விண்டோஸில் பவர்ஷெல் 5.1 திறந்து, மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளை கொடுத்து, ‘பெரிது’ குறி போட்டு ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். லினக்ஸில் பழகிய யாரும் செய்வதுதான். டம்ப் கருவி ஒழுங்காகத்தான் பைட்டுகளைத் தருகிறது. பவர்ஷெல் அதை வாங்கி, யாரும் கேட்காமலே யுடிஎஃப்-16க்கு மாற்றி, தலையில் 255, 254 என்று முத்திரையும் குத்தி வைக்கிறது. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஒரு சுழிய பைட். அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும்போது மைஎஸ்க்யூஎல் கிளையன்ட், கட்டளைக்குள் சுழிய பைட் வந்துவிட்டது, பைனரி மோடை இயக்காமல் அனுமதிக்க முடியாது என்கிறது. செய்தியைப் படித்த நல்ல பிள்ளை பைனரி மோடை இயக்குகிறார். இப்போது வேறு எரர், 1064, சின்டாக்ஸ் பிழை. சொன்னபடி கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது. மைஎஸ்க்யூஎல் கையேடே இதை எச்சரிக்கிறது: பவர்ஷெல்லில் இப்படி எழுதினால் யுடிஎஃப்-16 ஆகும், அந்த வகையை இணைப்பு வழியே ஏற்க முடியாது, ஆகவே ‘ரிசல்ட் ஃபைல்’ என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள் என்று. இந்தக் கதையில் காப்பி எங்கே, பேஸ்ட் எங்கே? ஒரு எழுத்துகூடக் கையால் தொடப்படவில்லை.

நோட்பேடும் அப்படித்தான். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பு வரும்வரை, அதில் ‘யுடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பிஓஎம் சேர்ந்தே வந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. எஸ்க்யூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸ்’ கொடுத்தால், ‘யூனிகோடு டெக்ஸ்ட்’ என்று அது அழைப்பது யுடிஎஃப்-16தான். அதைக் கிட்டில் ஏற்றினால் கிட் அதை பைனரி என்று நினைத்துக்கொண்டு, எந்த வரி மாறியது என்று காட்டவே மறுக்கும். கோட் ரிவ்யூ செய்பவர் எதையும் பார்க்காமல் ஒப்புதல் கொடுப்பார். இத்தனை கருவிகள் சேர்ந்து செய்யும் வேலைக்கு, போன மாதம் சேர்ந்த பயிற்சியாளரை "பார்த்து பண்ணக்கூடாதா" என்று கேட்பதில் என்ன நியாயம்? வலைப்பக்கத்திலிருந்தும் வேர்டு ஆவணத்திலிருந்தும் ஒட்டியதால் வரும் கோளாறு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. உடைபடாத இடைவெளியும் வளைந்த மேற்கோள் குறியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஆனால் மொத்தப் பழியையும் அந்த வாசலில் இறக்கிவைப்பது பவர்ஷெல் வரியை எழுதிய சீனியருக்கு மட்டும் வசதி.

இரண்டாவது, அது குப்பையா என்பது. பிஓஎம் வேண்டாம் என்பவர்கள் யூனிகோடு தரத்தையே சாட்சிக்கு அழைப்பார்கள்: யுடிஎஃப்-8க்கு அது அவசியமும் இல்லை, பரிந்துரைக்கப்படவும் இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. சரிதான். லினக்ஸ் சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸுக்கோ மைஎஸ்க்யூஎல்லுக்கோ ஸ்கிரிப்ட் எழுதினால் நானும் அதை வைக்க மாட்டேன். ஆனால் அதே சிஎஸ்வி கோப்பை அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு அனுப்பிப் பாருங்கள். அவர்கள் இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறப்பார்கள். பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 கோப்பை எக்செல் பழைய கோட் பேஜ் என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் இருந்த நிரல் முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக நிரம்பும். தமிழ் டேட்டாவோடு வேலை செய்த யாருக்கும் அந்த இரட்டையைப் பார்த்த மாத்திரத்தில் வயிறு கலங்கும். டேட்டாபேஸ்காரர் குப்பை என்று துடைத்த மூன்று பைட்தான் அக்கவுன்ட்ஸ்காரருக்குத் தமிழைக் காட்டிக்கொண்டிருந்தது.

எஸ்க்யூஎல் சர்வர் பக்கம் இது இன்னும் மோசமாகப் போகும். அதன் எஸ்க்யூஎல்சிஎம்டி கருவி, முத்திரை உள்ள யுடிஎஃப்-16 கோப்பைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். அந்தக் கோப்பை யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆக்கிவைக்கிறார். கருவிக்கு 65001 என்று கோட் பேஜ் எண்ணைச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாவிட்டால் அது கணினியின் சொந்தக் கோட் பேஜில் படிக்கும். விண்டோஸின் அந்தப் பழைய ஆன்சி கோட் பேஜ் வரிசையில் தமிழுக்கென்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே தமிழ் அத்தனையும் கெடும், ஆங்கிலம் அத்தனையும் பிழைக்கும். எரர் வராது. இத்தனை வரிகள் சேர்ந்தன என்று சந்தோஷமாக எண்ணிக்கை வரும்.

இந்தத் துடைக்கும் மனநிலை கருவிகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் ஒரு காலத்தில் பிஓஎம்மை அப்படியே சர்வருக்கு அனுப்பி சின்டாக்ஸ் எரர் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு கோப்பின் தலையில் அதைக் கண்டால் தாண்டிப் போகும்படி திருத்தினார்கள். கையேட்டில் அடுத்த வாக்கியத்தைப் பலர் படிப்பதில்லை: பிஓஎம் இருப்பதால் கிளையன்டின் இயல்பு எழுத்துத்தொகுதி மாறாது. அதாவது "நான் யுடிஎஃப்-8" என்று கோப்பு வாய்விட்டுச் சொல்கிறது, கருவி அந்தச் சொல்லைத் துடைத்துவிட்டு, சொன்னதைக் காதில் வாங்காமல் படிக்கிறது. 5.7 வரை அந்த இயல்புத் தொகுதி பெரும்பாலும் லத்தீன்1. தமிழ் உள்ள ஸ்கிரிப்டை அப்படி ஏற்றினால் ஒவ்வொரு பைட்டும் ஒரு லத்தீன் எழுத்தாகக் கருதப்பட்டு, மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கப்பட்டு அட்டவணைக்குள் போகும். அதே கிளையன்டில் செலக்ட் போட்டுப் பார்த்தால் தமிழ் அழகாகத் தெரியும், ஏனென்றால் போன வழியிலேயே அது திரும்பி வருகிறது. வலைத்தளத்தில் பார்க்கும்போதுதான் சாய்கோட்டு ஏ. அன்றைக்கு எரர் வந்திருந்தால் பத்து நிமிட வேலை. எரரை அடக்கிவிட்டதால், எந்த வரிசைகள் ஒரு முறை குறியாக்கப்பட்டவை, எவை இரண்டு முறை என்று மாதங்கள் கழித்துப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இனி அந்த ரீஜெக்ஸ். ஆஸ்கி எல்லைக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் நீக்கு என்ற ஒற்றை வரி. ஆங்கிலத்தில் மட்டும் டேட்டா வைத்திருப்பவர் எழுதி வைத்த அறிவுரை அது, அவர் ஊருக்குச் சரியாகவே இருக்கலாம். மாவட்டப் பெயர்களை ஏற்றும் ஸ்கிரிப்டில் அதை ஓட்டினால் திருநெல்வேலியும் நாகப்பட்டினமும் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே வெற்றிடம் ஆகும். வெற்றுச் சரத்தை எந்த நிரலும் மறுக்காது, ‘நல்’ கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தாலும் மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் உள்ளே போகும். இதைச் சொன்னால், "அவ்வளவு முட்டாள்தனமா யாரும் பண்ண மாட்டாங்க, அகலமில்லாத எழுத்துகளை மட்டும் எடுத்தா போதும்" என்று ஒரு நாகரிகமான பதிப்பைக் கொண்டுவருவார்கள்.

அதுவும் சரியில்லை. ‘ரிக்‌ஷா’ என்று எழுதும்போது க்-கும் ஷா-வும் ஒட்டி ஒரே எழுத்தாகிவிடாமல் நடுவில் நிற்பது அகலமில்லாத ஒரு எழுத்துதான். பைட்டில் 226, 128, 140. அதை எடுத்தால் ‘ரிக்ஷா’ ஆகிவிடும். தமிழில் அது வடிவ விருப்பம்தான், அர்த்தம் கெடாது என்று வாதிடலாம். ஆனால் போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு சரங்கள். பெயர் அட்டவணையில் ஒரு பாதியைத் துடைத்து மறு பாதியை விட்டால், அதுவரை கிடைத்துக்கொண்டிருந்த தேடல் முடிவுகள் அன்றிலிருந்து கிடைக்காது. இலங்கைக்குப் போனால் இந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைச் சரியாகக் கட்டுவதற்கு, அகலமில்லாத இணைப்பெழுத்து, 226, 128, 141, உள்ளே இருந்தாக வேண்டும். எடுத்தால் கூட்டெழுத்து சிதறி நிற்கும். சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில் ஒரே வரிசையில் இரண்டு மொழிப் பெயர்களும் இருக்கும் அட்டவணையை நினைத்துப் பாருங்கள். அந்த நாகரிகமான ரீஜெக்ஸ் முதலில் உடைப்பது நாட்டின் பெயரையே.

சரி, அப்படியானால் மறைவெழுத்துகளால் தீங்கே இல்லையா? உண்டு. துடைப்பவர்கள் பயப்படும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். எரர் வரும் இடத்தில் அது பாதி அகப்பட்டாயிற்று. வராத இடம்தான் கவலை. மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் மேற்கோள் இல்லாத பெயர்களில் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்துகளை அனுமதிக்கின்றன. அதனால்தான் ‘மாணவர்’ என்று தமிழிலேயே ஒரு அட்டவணைக்குப் பெயர் வைக்க முடிகிறது. ஆனால் வருவது எழுத்தா, இடைவெளியா, உருவமற்ற ஒன்றா என்று இவை பார்ப்பதில்லை. ‘அமவுன்ட்’ என்று ஆங்கில ஆறெழுத்தில் ஒரு நிரலைச் சேர்க்கும் ஸ்கிரிப்டில், அந்தச் சொல்லின் வாலில் 226, 128, 139 என்ற அகலமில்லா இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால், ஆல்டர் டேபிள் வெற்றிகரமாக ஓடும். ஏழெழுத்துப் பெயரோடு ஒரு நிரல் பிறக்கும். அட்டவணையின் அமைப்பைக் காட்டச் சொன்னால் ‘அமவுன்ட்’ என்று காட்டும். அப்ளிகேஷன் கேட்டால் ‘அமவுன்ட்’ என்று நிரலே இல்லை என்று சொல்லும். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேஷ் கோளாறு என்றும், தவறான சர்வரில் இணைந்திருக்கிறோம் என்றும், அனுமதிப் பிரச்சினை என்றும் ஒரு பகல் போகும்.

இதைப் பிடிக்கும் வழி எளிது. நிரல் பெயர்களின் எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எழுத்து ஆறாகவும் பைட் ஆறாகவும் இருக்க வேண்டிய இடத்தில் ஏழும் ஒன்பதும் வந்தால் ஆள் அகப்பட்டார். ஆனால் எரர் வந்தால் துடை என்ற பழக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அவருக்கு எரர்தான் வரவில்லையே!

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. 2021இல் கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் ‘டிரோஜன் சோர்ஸ்’ என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். எழுத்தோட்டத்தின் திசையை மாற்றும் மறைவெழுத்துகளைக் கோடுக்குள் வைத்தால், மனிதர் படிப்பது ஒன்றாகவும் கம்பைலர் படிப்பது வேறாகவும் ஆக்கலாம் என்று காட்டினார்கள். பாதுகாப்புக்காரர்கள் இதைச் சொல்லி, மறைவெழுத்து எதுவானாலும் தடை என்பார்கள். ஆனால் அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கிட்ஹப் அத்தகைய கோப்புகளின் மேல் ஒரு எச்சரிக்கைப் பட்டையைக் காட்டத் தொடங்கியது. விஎஸ் கோட் எடிட்டர் மறைவெழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டத் தொடங்கியது. இரண்டுமே எதையும் அழிக்கவில்லை. இருக்கிறது என்று காட்டிவிட்டு முடிவை மனிதரிடம் விட்டன. ஸ்கிரிப்டுக்கும் அதுவே பொருந்தும். மேற்கோளுக்கு வெளியே, அதாவது கட்டளைச் சொற்களிலும் பெயர்களிலும், உருவமில்லாத எழுத்து வந்தால் அந்த ஸ்கிரிப்டைத் திருப்பி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மேற்கோளுக்கு உள்ளே இருப்பது டேட்டா. அது வாடிக்கையாளரின் பெயர், ஊர், மொழி. அங்கே கைவைக்க டிபிஏவுக்கு என்ன உரிமை?

டேட்டாபேஸ் செய்பவர்களையும் சும்மா விடக் கூடாது. பைத்தானின் அண்மைப் பதிப்புகளில் இதே அகலமில்லா இடைவெளி கோடுக்குள் வந்தால், அச்சிட முடியாத எழுத்து, அதன் யூனிகோடு எண் இன்னது என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. எஸ்க்யூஎல் சர்வரில் பல ஸ்கிரிப்டுகளை ஒன்றாக ஒட்டி ஓட்டினால், இரண்டாவது கோப்பின் பிஓஎம் நடுவில் மாட்டிக்கொண்டு, ‘இதன் அருகே பிழை’ என்று வெறும் இரண்டு மேற்கோள் குறிகளைக் காட்டும். ஓராக்கிளின் பழைய பதிப்புகள் ‘செல்லாத எழுத்து’ என்பதோடு நிறுத்திக்கொண்டன. எந்த எழுத்து என்பது உங்கள் பாடு. உருவமில்லாத எழுத்தை உருவமில்லாமலே அச்சிட்டு, பார்த்துக்கொள் என்பது பிழைச்செய்தியே அல்ல. அந்த எண்ணை அச்சிட ஒரு வரி கோட் போதும். எழுதாத ஒரு வரிக்காக உலகம் முழுக்க ஆட்கள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யுடிஎஃப்-8 ஜெயிச்சாச்சு, இதெல்லாம் பழைய கதை" என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மைஎஸ்க்யூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்று எழுதினால் நெடுங்காலமாகக் கிடைப்பது எழுத்துக்கு மூன்று பைட் வரை மட்டும் கொள்ளும் வகை. நாம் அன்றாடம் எழுதும் தமிழ் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் தப்பித்தோம். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி முதலான பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும், அவை அங்கே போகாது. பெயர் ஜெயித்திருக்கிறது. கோப்பை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே பொருளில் அதைச் சொல்கிறார்களா என்பது ஒவ்வொரு வாசலிலும் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மைஎஸ்க்யூஎல்லுக்கு இயல்பு எழுத்துத்தொகுதி, போஸ்ட்கிரெஸுக்கு கிளையன்ட் என்கோடிங், எஸ்க்யூஎல்சிஎம்டிக்குக் கோட் பேஜ் எண், ஓராக்கிளுக்கு என்எல்எஸ் லாங். எல்லாம் ஒரு வரி அமைப்புகள்தான், யாரும் எழுதுவதில்லை.

மிச்சம் இருப்பது எனக்கு உண்மையிலேயே அனுதாபம் உள்ள ஒரு வாதம். "ராத்திரி ரெண்டு மணி, புரொடக்‌ஷன் நிக்குது, மேனேஜர் கால்ல இருக்கார், இப்ப உக்காந்து பைட் எண்ணிட்டு இருக்க முடியுமா சார்?" துடையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். துடைப்பதற்கு முன் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு, பிழை வந்த இடத்தின் பதினாறு பைட்டுகளை ஹெக்ஸ் டம்பில் எடுத்து டிக்கெட்டில் ஒட்டிவிடுங்கள். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வரும் முன் கழுவிவிட்டால் கைரேகைக்கு எங்கே போவது? 255, 254 என்று இருந்தால் பவர்ஷெல்லையோ ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸையோ போய்ப் பாருங்கள். 239, 187, 191 கோப்பின் தலையில் இருந்தால் ஒரு எடிட்டர், நடுவில் இருந்தால் கோப்புகளை ஒட்டிய யாரோ. 194, 160 என்றால் வலைப்பக்கம் அல்லது மெயில். 226, 128, 153 என்றால் வேர்டு திருத்திவைத்த மேற்கோள். டிக்கெட்டில் அந்த எண்கள் இருந்தால், காலையில் பவர்ஷெல் வரியை மாற்ற வேண்டியவர் யார் என்பது மட்டும்தான் பேச வேண்டியிருக்கும், பயிற்சியாளரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.